சாயங்காலம் நடந்தா தூக்கம் கெடுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உடல்நலக் குழு சார்பில் பேசியது)



நம்ம குழுக்கள்ல சாயங்காலம் நடக்கப் போறவங்க, ஸ்கிப்பிங் ஆடுறவங்க இப்போ நிறைய பேர். அதுல சிலர், "சாயங்காலம் பயிற்சி செஞ்சா ராத்திரி தூக்கம் வராதாமே" என்று பயந்து நிறுத்திட்டாங்க. காலையில நமக்கு ஏது நேரம்? சமையல், பிள்ளைங்க பள்ளிக்கூடம், நூறு நாள் வேலை. சாயங்காலத்தையும் விட்டா பயிற்சியே கிடையாது.

தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும். பயிற்சி செய்யும்போது சூடு ஏறும், நெஞ்சுத் துடிப்பும் கூடும். அது அடங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் கொடுங்க. பத்து மணிக்குப் படுக்கிறவங்க எட்டுக்குள்ள முடிச்சா போதும். இதுவும் மூச்சு வாங்குற பயிற்சிக்குத்தான். சாதாரண நடைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். முடிக்கும்போது சட்டுனு நிக்காம ஐந்து நிமிஷம் மெதுவா நடங்க. வெதுவெதுப்பான தண்ணியில குளிங்க.

அப்போ தூக்கத்தைக் கெடுக்கிறது எது? நடந்து வந்ததும் குடிக்கிற டீ. அதுல இருக்கிற காஃபீன் பாதியாக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஏழு மணி டீ நடுராத்திரி வரைக்கும் உள்ளே வேலை செய்யும். அப்புறம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்கு நாம சாப்பிடுறது, பாத்திரம் விளக்குறது, படுத்ததும் செல்போன், அதுல குழுவோட தவணைக் கணக்கு. (பணம் கட்டாதவங்க பேரைப் பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல போடுற ஊக்குநர்களே, சிரிக்காதீங்க, உங்களைத்தான் சொல்றேன்.) பழி மட்டும் நடைமேல! எட்டு, எட்டரைக்கு வீட்டாரோட சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க. பாத்திரத்தை ஆம்பளைங்க விளக்கினா கை ஒண்ணும் தேஞ்சிடாது.

முக்கியமா ஒண்ணு. இன்சுலின் போடுறவங்களுக்கும், சில சர்க்கரை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும், சாயங்காலப் பயிற்சிக்குப் பிறகு ராத்திரியில சர்க்கரை இறங்கிடலாம். வேர்த்து, நடுங்கி, படபடப்பா முழிப்பு வந்தா, ஏதோ கெட்ட கனவுன்னு திரும்பிப் படுத்துடாதீங்க. உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. பக்கத்துல படுக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க. நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும். மாத்திரையை நீங்களா குறைக்காம, மறுநாளே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் நம்ம குழுப் பெண்ணாவே இருப்பாங்க, அவங்ககிட்டயும் சொல்லுங்க.

பந்தல் வாசல்ல ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க நர்ஸம்மா உட்கார்ந்திருக்காங்க. மாத்திரைச் சீட்டு கையில இருக்கிறவங்க முதல்ல போங்க.