நம்ம பொருளுக்கு நம்ம முகமே போதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், நலங்கு மாவு தயாரிக்கும் குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீங்க எடுத்த விளம்பர வீடியோவைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க, மத்த குழுக்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால செலவு, வேலை, வந்த பிரச்சினை எல்லாத்தையும் மறைக்காமச் சொல்றேன்.

எங்க குழுவில் 12 பேர். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர், கோரைக்கிழங்கு இதெல்லாம் நிழலில் உலர்த்தி, அரைச்சு, வெள்ளைத் துணியில் சலிச்சு நலங்கு மாவு பண்றோம். கண்காட்சியில் ஸ்டால் போட்டா விற்பனை நல்லாத்தான் இருக்கும். ஆனா கண்காட்சி வருஷத்துக்கு எத்தனை வரும்? மீதி நாளெல்லாம் சரக்கு அலமாரியில் இருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினா, "இதை எப்படிக் குழைக்கிறது? சோப்புக்குப் பதிலா போடுறதா, சோப்பு போட்ட பிறகு போடுறதா?" என்று கேட்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போனில் பதில் சொல்லி முடியல. அப்பதான் வீடியோ எடுக்கணும்னு தோணுச்சு.

டவுனில் ஒரு ஸ்டுடியோவில் விசாரிச்சோம். கேமரா, லைட், மாடல் பொண்ணு எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் என்றாங்க. அந்தக் காசுக்கு எங்களுக்கு மூணு மாசத்துச் சரக்கு வாங்கலாம். நாமே எடுப்போம்னு முடிவு பண்ணினோம்.

செலவுக் கணக்கு இது. போன் நிறுத்துற ஸ்டாண்டு 450 ரூபாய். சேலையில் மாட்டுற காலர் மைக் 600. வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை 40. நடிச்ச ரெண்டு பேருக்கு நாள் கூலி தலா 400. எடிட்டிங் பண்ணின காலேஜ் பொண்ணுக்கு 500. டீ, வடை 180. மொத்தம் 2,570 ரூபாய். போன் எங்ககிட்ட ஏற்கனவே இருந்தது. கூலி எதுக்குன்னு கேட்கலாம். அன்னைக்கு அவங்க களை எடுக்கப் போகாம வந்திருக்காங்க. நம்ம குழு வேலைதானேன்னு சும்மா வாங்கிக்கக் கூடாது. மத்தவங்க செய்ற வேலைக்குக் கூலி கேட்கிற நாமே, நம்ம ஆளுக்குக் கூலி குடுக்காம விடலாமா?

இப்ப எடுக்கிற முறை. முதல்ல முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைங்க. பாதி வீடியோ மங்கலா இருக்கிறதுக்கு அந்தக் கைரேகைதான் காரணம். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்க, இல்லைன்னா நடுவில் யாராவது கூப்பிடுவாங்க. காலையில் 7 மணியிலிருந்து 9 மணி வரைக்கும், சாயங்காலம் 4 மணிக்கு மேலேயும் வெளிச்சம் இதமா இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தா கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். வீட்டுக்குள்ளே எடுத்தா ஜன்னலைப் பார்த்து உட்கார வைங்க. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தா முகமே தெரியாது. ஒரு பக்கம் இருட்டா இருந்தா அந்தப் பக்கம் தெர்மாகோலைப் பிடிங்க. அவ்வளவுதான் லைட்டிங்.

போனை நெட்டுவாக்கில் வைங்க, ஏன்னா பார்க்கிறவங்க அப்படித்தான் பிடிச்சுப் பார்க்கிறாங்க. ஸ்கிரீனில் முகத்து மேலே விரலை அழுத்திப் பிடிச்சா வெளிச்சமும் தெளிவும் மாறாம நிற்கும். விரலால் ஜூம் பண்ணாதீங்க, நீங்களே கிட்டப் போங்க. ஃபேன், மிக்ஸி, டிவி எல்லாத்தையும் நிறுத்துங்க. எங்களுக்கு அன்னைக்குப் பக்கத்துக் கோயில் ரேடியோ பாடிட்டே இருந்தது. அதனால பேசுற பகுதியை அடுத்த நாள் காலையில் எடுத்தோம். பேச்சு தேவையில்லாத காட்சிகளை மட்டும் அன்னைக்கு முடிச்சோம்.

முன்கூட்டியே நோட்டில் எழுதி வச்சுக்கிட்டோம். ஒண்ணு, முறத்தில் பயறு புடைக்கிறது. ரெண்டு, துணியில் மாவு சலிக்கிறது. மூணு, கிண்ணத்தில் தயிரோ பாலோ விட்டுக் குழைக்கிறது. நாலு, கையிலும் முகத்திலும் தடவுறது. அஞ்சு, கழுவித் துடைக்கிறது. ஆறு, பாக்கெட்டும் போன் நம்பரும். ஒவ்வொண்ணும் அஞ்சு செகண்டு, மொத்தம் 30 செகண்டு. முதல் மூணு செகண்டில் கண்ணு நிற்கணும், இல்லைன்னா தள்ளிட்டுப் போயிடுவாங்க. நாங்க மாவு சலிக்கிறதைக் கிட்டத்தில் எடுத்து முதல்ல வச்சோம். மஞ்சள் தூள் பனி மாதிரி விழுறது அவ்வளவு அழகு! சினிமாப் பாட்டு சேர்க்கலை. அது இன்னொருத்தருக்குச் சொந்தமானது, வியாபாரத்துக்குப் போட்டா பிரச்சினை வரும். முறத்துச் சத்தமே போதுமா இருந்தது. சத்தம் வைக்காமப் பார்க்கிறவங்க நிறைய என்பதால், பேசினதைத் தமிழில் கீழே எழுத்தாவும் போட்டோம்.

இது வரைக்கும் சுலபமான பகுதி. யார் முகத்தைக் காட்டுறது என்பதில்தான் வாரக் கூட்டம் ரெண்டு மணி நேரம் இழுத்தது.

"ஸ்டுடியோ இல்லைன்னா என்ன, செவப்பா ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து நடிக்க வைக்கலாம், அழகுப் பொருள்தானே" என்று சிலர் சொன்னாங்க. எங்க குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. மாவு குழைக்கிறதில் அவங்க கைதான் கை. நல்ல கருப்பு. நான் அவங்களைச் சொன்னேன். அவங்க தலை குனிஞ்சுட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப, 'கருப்பா இருக்கு, அஞ்சு பவுன் கூடப் போடுங்க'ன்னாங்க. அந்த அஞ்சு பவுனுக்கு எங்க அப்பா அரை ஏக்கரை வித்தாரு. இப்ப என் மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டி என்ன சொல்லப் போறீங்க?"

கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரல. எத்தனை வீட்டில் இந்தக் கதை! கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு, அவங்களே யோசிச்சுச் சொல்லட்டும்னு விட்டுட்டோம். வீட்டில் அவங்க பொண்ணுகிட்டப் பேசியிருக்காங்க. அடுத்த வாரம் வந்து, "எடுங்க. ஆனா நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுக்கணும்" என்றாங்க. அதைத் தீர்மான நோட்டில் எழுதினோம். படம் எடுக்கச் சம்மதம், எந்த இடத்தில் போடுவோம், அவங்க வேண்டாம்னு சொன்னா எடுத்துடுவோம் என்று மூணு வரி. நீங்களும் யாரைப் படம் எடுத்தாலும் இப்படி எழுதி வைங்க. குழந்தைகள் முகத்தை விளம்பரத்தில் போடாதீங்க.

முதல் தடவை எடுத்துப் பார்த்தா, போனில் இருந்த பியூட்டி மோடு அவங்களைத் தானாவே வெளுப்பாக்கிடுச்சு. அவங்க பார்த்துட்டு, "இது யாருடி, என் நாத்தனார் மாதிரி இருக்கு" என்றாங்க. சிரிச்சு முடிச்சு, அதை ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப எடுத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடைக்காரர் வந்தார். 300 பாக்கெட் எடுத்துக்கிறேன், பாக்கெட் 70 ரூபாய், கையோட காசு என்றார். ஆனா ரெண்டு நிபந்தனை. லேபிளில் "ஏழே நாளில் சிவப்பழகு" என்று போடணும். வீடியோவில் வேற பொண்ணு வரணும். 21,000 ரூபாய் சும்மா இல்லை. அடுத்த மாசம் வங்கித் தவணை வேற. "ஒரு வார்த்தைதானே அக்கா, எல்லாரும் போடுறதுதானே" என்று ஒரு தங்கச்சி கேட்டா. "தவணைக்கு யார் பொறுப்பு?" என்று இன்னொருத்தர் கேட்டாங்க. ரெண்டும் நியாயமான கேள்விதான்.

விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைக் கூட்டத்தில் வச்சோம். உடம்பில் பூசுற அழகுப் பொருளுக்கு 1940-ஆம் வருஷச் சட்டமும், 2020-இல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் உண்டு. தயாரிக்க உரிமம் வேண்டும். இல்லாத பலனை இருக்கிற மாதிரி லேபிளில் போடக் கூடாது. வெண்புள்ளியைப் போக்கும் என்பது போன்ற விளம்பரத்தை 1954-ஆம் வருஷச் சட்டம் தடுக்குது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். 2014-இலேயே இந்திய விளம்பரத் தர கவுன்சில், கருப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாதுன்னு நெறிமுறை வெளியிட்டிருக்கு. பெரிய கம்பெனியே 2020-இல் 'ஃபேர் அண்டு லவ்லி'யில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துட்டு 'க்ளோ அண்டு லவ்லி' என்று மாத்திடுச்சு.

சட்டத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நிறம் மாறும்னு நம்பிப் பாதரசம் கலந்த கிரீமைப் பூசினவங்களுக்குச் சிறுநீரகம் பாதிச்சதை 2023-இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்து மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க. நம்ம மாவில் பாதரசம் இல்லை. ஆனா நிறம் மாறும்னு நாம சொன்னா, அந்த ஆசையை வளர்க்கிறதில் நமக்கும் பங்கு வந்துடும். அழுக்கு எடுக்கும், வாசனையா இருக்கும். இதைத்தான் எங்களால் உறுதியாச் சொல்ல முடியும்.

கை தூக்கச் சொன்னோம். ஆர்டர் வேண்டாம்னு 8 பேர், வேணும்னு 4 பேர். தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அந்த ஆர்டர் போச்சு. அந்த மாசத் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டினோம். உள்கடன் கேட்டிருந்த ரெண்டு பேர், "அடுத்த மாசம் வாங்கிக்கிறோம்" என்று விட்டுக்குடுத்தாங்க. அதில் ஒருத்தர் ஆர்டர் வேணும்னு கை தூக்கினவங்க.

வீடியோ போட்டதும் ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிஞ்சதுன்னு சொன்னா நீங்க நம்பவும் மாட்டீங்க, அது நடக்கவும் இல்லை. முதல் மாசம் 90 பாக்கெட் போச்சு. அடுத்த மாசம் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட 60 பாக்கெட் கேட்டாங்க. வாங்கினவங்களில் பாதிப் பேர் திரும்ப வாங்குறாங்க. எப்படிப் போடுறதுன்னு இப்ப யாரும் கேட்கிறதில்லை. "அந்த அக்கா குழைக்கிற மாதிரியே குழைச்சேன்" என்கிறாங்க. போன மாசம் ஒரு பொண்ணு போனில் கேட்டுச்சு: "அவங்க என் நிறம்தான், அதான் வாங்கினேன். அவங்ககிட்டப் பேசலாமா?" அந்த அக்காவும் அந்தப் பொண்ணும் ரொம்ப நேரம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நாங்க கேட்டுக்கல.

1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கினப்ப, கைநாட்டு வச்சவங்க கையெழுத்துப் போடப் பழகினதே பெரிய படி. கையெழுத்துக்குக் கூச்சப்பட்ட காலம் போச்சு. முகத்துக்குக் கூச்சப்படுற காலமும் போகட்டும்.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஸ்டாண்டு, மைக், தெர்மாகோல் இதை ஒவ்வொரு குழுவும் தனித்தனியா வாங்க வேண்டாம். கூட்டமைப்பு ஒரு செட் வாங்கி வச்சு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிட்டு ஒரு நாளைக்கு 20 ரூபாய் வாடகைக்குக் குடுக்கலாம். ஊறுகாய் போடுற குழு, கூடை முடையுற குழு, தையல் குழு எல்லாரும் எடுத்துக்கலாம். எடுக்கத் தெரியாதவங்களுக்கு நாங்க ரெண்டு பேர் வந்து சொல்லித் தர்றோம், கூலி வேண்டாம், டீ மட்டும் போதும். இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானமா வைக்கணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.