பட்டினமும் குளக்கட்டும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டுத் தொகுதியில் பட்டினப்பாலை என்றொரு பாட்டு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற்சோழனைப் பாடிய அந்தப் பாட்டுக்கு 301 அடிகள். பரீட்சைக்காகப் படித்தவர்களுக்கு அதில் நினைவிருப்பது காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகந்தான். குதிரைகளும், மிளகுப் பொதிகளும், எங்கள் ஈழத்திலிருந்து போன உணவுப் பொருளும் அங்கே குவிந்து கிடந்தன என்று வாசித்துப் பெருமைப்பட்டிருப்போம். ஆனால் பாட்டின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது. பொருள் தேடிப் புறப்படச் சொல்லித் தூண்டும் தன் நெஞ்சைப் பார்த்துத் தலைவன் ஒரு மறுமொழி சொல்கிறான். இத்தனை சிறப்புடைய பட்டினமே எனக்குக் கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து நான் வரமாட்டேன் என்பதே அந்த மறுமொழி.

இதை வகுப்பில் படிப்பிக்கும்போதெல்லாம் மாணவருக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். தலைவன் பட்டினத்தைப் பழிக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட அடிகளில் அதன் வளத்தைச் சொல்லி முடித்த பின்னரே வேண்டாம் என்கிறான். மறுக்கப்படும் பொருளின் அருமை தெரிந்தால்தான் மறுப்புக்கு மதிப்பு உண்டாகும். கிராமத்தைப் போற்றுவதற்காக நகரத்தைத் தூற்றுவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு இந்தச் சங்கப் புலவர் நல்லதொரு பாடம் சொல்லியிருக்கிறார்.

படித்த ஒருவன் கல்லூரிகள் நிறைந்த பட்டினத்தையும் காட்டோரக் கிராமத்தையும் எதிரெதிரே வைத்து, எங்கே வாழ்வது என்று தெரிவுசெய்ய நேரும்போது எங்கள் இலக்கியம் அவனுக்கு எதைச் சொல்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். எனக்கு அந்தப் பட்டினம் யாழ்ப்பாணம், கிராமம் அக்கராயன்.

முதலில் பட்டினத்தின் சிறப்பு. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890இல் எழுந்தது. 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 1981இல் எரியுண்டபோது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அந்த நூலகம் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஆறில்லாத, மழையையும் கிணற்றையும் நம்பிய, பரப்புக் கணக்கில் காணி பிரிக்கப்பட்ட குடாநாட்டில் படிப்பே வயலாயிற்று; உத்தியோகமே விளைச்சலாயிற்று. 'கோழி மேய்த்தாலும் கொறணமேந்தில் மேய்க்கவேணும்' என்ற பழமொழியைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நிலம் கைகொடுக்காத மக்கள் தமக்கென்று உண்டாக்கிய பிழைப்பின் சூத்திரம் அது. அங்கே பிறந்து வளர்ந்த நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன்.

இனி அக்கராயன். கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, முறிகண்டியிலிருந்து மேற்கே காட்டினூடாகப் போகும் வீதியில் உள்ள ஊர். அக்கராயன் என்ற குறுநில மன்னனின் பெயரால் வழங்குகிறது என்பது ஊர் மரபு. அவனுக்கு ஊரிலே சிலையும் உண்டு. ஊரின் உயிர் அக்கராயன்குளம். மாரி மழையை நம்பிக் காலபோகம். குளத்து நீரை நம்பிச் சிறுபோகம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைக் கேட்டுத்தான் இங்கே கலியாணத்துக்குக்கூட நாள் வைப்பார்கள். அலைகரை, துருசு, கலிங்கு, அரிவுவெட்டு, சூடு, பொலி என்ற சொற்கள் இங்கே அகராதிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. காலையிலிருந்து மாலை வரை வாயில் புழங்குகின்றன. சூடு மிதிக்கும் களத்தில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களால் பேசிய வழக்கத்தை முதியவர்கள் சொல்லக் கேட்பது ஒரு தமிழாசிரியனுக்குப் பெரும் பேறு. முல்லை நிலம் எப்படி மருதமாகிறது என்பதை நான் பொருளதிகாரத்தில் படித்தேன். என் மாணவர் பலர் அதைத் தம் பாட்டனார் வெட்டிய வரம்பில் நின்று படித்தவர்கள்.

இத்தகைய ஊர்களுக்குக் கல்வித் திணைக்களத்தின் மொழியில் ஒரு பெயர் உண்டு: கஷ்டப் பிரதேசம். மொழி படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இச்சொல் மீது ஒரு கேள்வி உண்டு. இந்தக் கஷ்டம் யாருக்கு? ஊரில் பிறந்தவர் தம் ஊரை அப்படி அழைப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவரின் சிரமத்தைக் கொண்டு ஊருக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். வருகிறவர் சேவைக்காலத்தை நாள் நாளாக எண்ணுகிறார். அவர் எண்ணுவதைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லவை எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன என்ற பாடம் இப்படித்தான், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாமலே, படிப்பிக்கப்பட்டு விடுகிறது.

வெளியிலிருந்து வரும் படித்தவனை வன்னி நாவல்கள் கூர்ந்து கவனித்திருக்கின்றன. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யில் தண்ணிமுறிப்பு என்ற காட்டோரக் கிராமத்துக்குச் சுந்தரலிங்கம் ஆசிரியனாக வருகிறான். அவன் கெட்டவன் அல்லன். ஆனாலும் காட்டின் மடியில் கள்ளமில்லாமல் வளர்ந்த பதஞ்சலியின் வாழ்வில் அவன் வரவு ஓர் அதிர்வை உண்டாக்கிவிடுகிறது. நல்ல மனமுள்ள ஒருவனின் வரவுக்கும் ஊர் ஒரு விலை கொடுக்க நேரும் என்பதை அந்த நாவல் உரக்கச் சொல்லாமல் உணர்த்துகிறது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வந்தது. அதில் வருகிறவர்கள் அதிகாரிகளும் பணம் படைத்தவர்களும். காடு வெட்டிக் களனியாக்கிய கமக்காரர் ஏமாற்றப்படுகிறார்கள். பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. கிளிநொச்சி மண்ணில் காடழித்துக் குடியேறிய தலைமுறைகளின் கதையை அது உள்ளே இருந்து சொல்கிறது. அங்கே யாரும் விருந்தாளி இல்லை. காய்ச்சலும் யானையும் வரட்சியும் வந்தபோது இடமாற்றம் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு மேலிடமும் இருக்கவில்லை.

மூன்று நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு கேள்வி துலங்குகிறது. தெரிவு யாருக்கு இருக்கிறது? சுந்தரலிங்கத்துக்கு இருக்கிறது. அதிகாரிக்கு இருக்கிறது. கமக்காரனுக்கு இல்லை. நகரமா கிராமமா என்ற வாதத்தைவிட, அந்த வாதத்தை நடத்தும் உரிமை எவருக்குக் கிடைத்தது என்பதே ஆழமான விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

தெரிவே இல்லாமல் வன்னிக்கு வந்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களில் ஒரு பகுதியினர், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி இந்தக் காடுகளுக்கு வந்தார்கள். கிளிநொச்சிப் பக்கத்து மலையாளபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் போன்ற கிராமங்களில் அவர்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். மலைச்சாரலில் கொழுந்து கிள்ளிய கைகள் இங்கே மண்வெட்டி பிடித்தன. குறிஞ்சியா மருதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்க ஓர் இடம் என்பதே அவர்களின் கணக்கு.

எங்கள் தலைமுறைக்கும் அப்படியொரு காலம் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. தென்மராட்சி, கிளாலிக் கடல், கிளிநொச்சி என்று வந்தோம். 1996இல் கிளிநொச்சி நகரமும் இடம்பெயர்ந்தபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் சனத்தால் நிரம்பின. முன்பின் தெரியாத ஒரு கமக்காரர் தன் வளவின் மூலையில் எங்களுக்குக் கொட்டில் போட இடம் தந்தார். மரத்தடியில் படித்தோம். படிப்பித்தவர்களும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்களே. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற ஆசிரியர்களிடம் அக்கராயன் பிள்ளைகளும் நாங்களும் ஒன்றாகப் பாலைமர நிழலில் இருந்து கற்றோம். துயரமான காலந்தான், ஆயினும் அன்று இரண்டு வகைப் பிள்ளைகள் இருக்கவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்ததும் வந்தவர் பலர் திரும்பிப் போனார்கள். ஆசிரியர்களும் போனார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஊரில் நின்றார்கள். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர்களும் அக்கராயனை விட்டு ஓடவேண்டியதாயிற்று; போர் முடிந்த பின்னரே மீண்டும் வந்து குடியேறினார்கள்.

யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, போருக்குப் பின் இந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்றேன். இங்கேயே கலியாணமும் செய்தேன். இப்போது நகரத்து இந்துக் கல்லூரி ஒன்றில் கற்பித்தாலும் வீடு அக்கராயனில்தான். மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். இடமாற்ற விண்ணப்பத்துக்கான காலம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போக எனக்குத் தகுதி உண்டு. சேவைக்காலம் தாராளமாக இருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்த என் மனைவி, அக்கராயன் மண்ணிலே பிறந்தவர், என்னிடம் சொன்னார்:

"உங்களுக்கு இது நீங்களாத் தேடி வந்த ஊர். வேண்டாமெண்டா நாளைக்கே திரும்பிப் போகலாம். நான் இஞ்சை பிறந்தனான், நானாத் தெரிஞ்செடுக்கேல்லை. பிள்ளைக்காவது தெரிஞ்செடுக்க ஒரு வழி இருக்கட்டுமன்."

நேயர்களே, பட்டினப்பாலைத் தலைவனின் மறுமொழியைப் பல வருடங்கள் வியந்து படிப்பித்திருக்கிறேன். அந்தப் பாட்டில் தலைவி பேசுவதில்லை. பட்டினம் அவளுக்கு வேண்டுமா என்று கேட்பாரும் இல்லை. என் வீட்டில் தலைவி பேசினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வன்னியின் உட்கிராமங்கள் பலவற்றில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இல்லை. அங்கே கெட்டிக்காரப் பிள்ளைக்குப் படிப்பு என்பது ஊரை விட்டுப் போவதற்கான அனுமதிச் சீட்டு. என் மண்பற்றுக்காக மகளின் படிப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

மகளிடமே கேட்டோம். அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு யாழ்ப்பாணம் வேணும் எண்டில்லை அப்பா. பக்கத்திலை பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இருந்தா நான் ஏன் போறன்?"

நாவல்களிலும் நான் காணாத தெளிவு அந்தப் பதிலில் இருந்தது. நாங்கள் பெரியவர்கள் பட்டினம், கிராமம், பண்பாடு, வேர் என்றெல்லாம் பேசுகிறோம். பிள்ளைக்குத் தேவைப்படுவது ஓர் ஆசிரியர்.

இந்த உண்மையை உலகம் முன்பே கண்டிருக்கிறது. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். ஆனால் பிள்ளைகள் மரத்தடியில் பாடிப் படித்தால் மட்டும் அயற் கிராமம் உயர்ந்துவிடாது என்று கண்டு, 1922இல் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனை அமைத்து விவசாயத்தையும் சுகாதாரத்தையும் கைத்தொழிலையும் அதன் வேலையாக்கினார். கிராமத்தில் போய் இருப்பது வேறு. நகரத்தில் மட்டும் கிடைப்பதைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது வேறு. இரண்டாவதுதான் கடினமானது. எங்கள் பக்கத்திலும் அதற்கொரு தொடக்கம் உண்டு. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், போரால் குடாநாட்டுக்குப் பெயர்ந்து, 2014இல் திரும்பி வந்தது. அதே ஆண்டில் பொறியியல் பீடமும் அறிவியல்நகரில் தொடங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் முறிகண்டிக்கு அருகே படிக்க வருகிறார்கள். ஆயினும் அந்தப் பீடத்துக்குள் நுழைவதற்கான கணிதத்தை அக்கராயன் பிள்ளை எங்கே படிப்பது? பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு ஏறும் படிதான் தூரத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டு முடிவைச் சொல்கிறேன். இந்த வருடம் நான் விண்ணப்பிக்கவில்லை. மகள் பரீட்சை எழுதட்டும். கிளிநொச்சியில் உயர்தரம் படிக்க விரும்பினால் காலை பஸ்ஸில் என்னோடு வருவாள். யாழ்ப்பாணம் என்றால் விடுதியில் சேர்ப்போம்; நானும் மனைவியும் இங்கே இருப்போம். இதைத் தியாகம் என்று எவரும் சொல்ல வேண்டாம். இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கிறேன். என் மகளுக்கும் ஒருநாள் அப்படிப் பிடித்து இருக்கவோ, பிடிக்காமல் போகவோ முடிய வேண்டும் என்பதே என் மனைவியின் கேள்வி எனக்குக் கற்பித்தது.

புதிதாக நியமனம் பெற்று வன்னிக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சேவைக்காலம் முடிந்து நீங்கள் திரும்பிப் போவதில் குற்றமில்லை. உங்களுக்கும் பெற்றோர், பிள்ளைகள் உண்டு. ஆனால் இருக்கும் நாட்களில் சுவரில் நாட்காட்டியைப் பார்த்துப் படிப்பிக்காதீர்கள். முன்வாங்கில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் ஒழுங்காகப் படிப்பித்த ஒவ்வொரு கணித பாடமும், ஒவ்வொரு விஞ்ஞான பாடமும் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு தெரிவாக மிஞ்சும். பாலமனோகரனும் செங்கை ஆழியானும் தாமரைச்செல்வியும் எழுதிய மனிதர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களின் பாட்டன்மாருக்கு வாய்க்காத ஒன்று அது.