வாளித் தண்ணீரில் ஒரு பாடம்



2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டுண்டு, மேற்குக் கரையெங்கும் சவ்வரிசி போல ஒதுங்கின. அள்ள ஓடலாம் என்றுதான் எவருக்கும் மனம் துடிக்கும். ஆனால் அந்தக் கப்பலில் நைத்திரிக் அமிலமும் இருந்தது. ஒதுங்கிய எதையும் தொடாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். பின்னர், 2018இல் தொடங்கிய ‘பேர்ள் புரொடெக்டர்ஸ்’ போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் கரைக்கு வந்து மணலைச் சலித்தார்கள்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பாருங்கள். ஈரமணல் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். மேல்மணலை வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், குருணை மிதந்து வரும். மிதப்பதை வடித்தெடுத்துவிட்டு மணலைக் கரைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாளி வாளியாகக் கலக்கினாலும் தேறுவது கொஞ்சம்தான். மறுநாளும் வர வேண்டும்.

கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அடம்பன் கொடியையும் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. காற்றும் அலையும் கொண்டுபோகாமல் மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கொடிதான். நல்ல மனம் எல்லோரிடமும் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. இன்று பட்டம் பெறும் பிள்ளைகளாகிய உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

கடற்கரையோடு இந்த வேலை முடியாது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையின் கானை அடைக்கும், சோறு சுற்றிய லஞ்ச் ஷீட், அடுத்த மழையில் வெள்ளத்தை வீட்டுப் படியேற்றும். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன், அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள். நம் வாசலைவிட்டுப் போனால் சரி என்று நாம் அனுப்பிய குப்பை, இன்னொருவர் வீட்டுக் கூரைக்கு மேல் மலையாக வளர்ந்திருந்தது.

ஆகவே ஆளுக்கோர் ஒழுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கான் எந்த மழைக்கு அடைபடுகிறது, என்ன குப்பை அதிகம் சேர்கிறது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். மாநகர சபைக்குப் போகும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சந்தியில் ஓட்டோ ஓட்டும் அண்ணாவுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் வெளிநாடு போனாலும் அவர்கள் அந்தக் கொப்பியை எழுத வேண்டும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தக் கொடியின் வழக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கணுவுக்குக் கணு வேர்விட்டபடியே அது படரும். நீங்களும் போகும் இடமெல்லாம் அப்படியே வேர்விடுங்கள். வாழ்க நீங்கள்!