ஐசிங் ஏன் காய மாட்டேங்குது?

போன டிசம்பர்ல பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க நாற்பது குக்கீ பண்ணேன். ஐசிங் சீக்கிரம் காயட்டும்னு ஃப்ரிட்ஜுல வச்சேன். வெளியே எடுத்து டப்பாவுல அடுக்கினா, சென்னைக் காத்துல இருந்த ஈரம் அதுமேல வேர்த்து, எல்லாம் ஒரே கட்டியா ஒட்டிக்கிச்சு. ஒண்ணைக்கூட யாருக்கும் கொடுக்க முடியல.

அதனால இந்தத் தடவை நான் செய்யறது இதுதான். ஒரு கப் ஐசிங் சுகரைச் சலிச்சுக்கோங்க. கடையில கிடைக்கலையா? சர்க்கரையோட ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃபிளார் சேர்த்து மிக்ஸியில நைஸா அரைங்க. அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, மூணு டீஸ்பூன் தண்ணி. பச்சை முட்டை வேண்டாம், சால்மொனெல்லா பயமும் இல்லை.

தண்ணியை மொத்தமா ஊத்திடாதீங்க. முதல்ல கெட்டியா கலக்கி, கொஞ்சத்தைத் தனியா எடுத்து வைங்க. அது ஓரக்கோடு போட. மீதியில சொட்டுச் சொட்டா தண்ணி விடுங்க. ஸ்பூன்ல எடுத்து விட்டா, விழுந்த தடம் பத்து எண்ணி முடிக்கறப்போ மறையணும். அதுக்கு முன்னாடியே மறைஞ்சா தண்ணி அதிகம், இன்னும் கொஞ்சம் சுகர் சேருங்க.

கோலம் மாதிரிதான்: முதல்ல கோடு, அப்புறம் உள்ளே கலர். குக்கீ நல்லா ஆறியிருக்கணும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க ஃபேன் காத்து. விரல்ல தொட்டா ஒட்டலைன்னா மட்டும் அடுக்குங்க.

இந்த வருஷம் டப்பா காலியாத்தான் திரும்பி வரும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!