செய்தி ஒன்று, வீடுகள் பல

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

நிதியியலும் வணிகவியலும் படித்து முடித்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வங்கியிலோ, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்திலோ, சொந்த அலுவலகத்திலோ அமர்ந்து பிறர் பணத்துக்கு வழி சொல்லப் போகிறீர்கள். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வுக்காலம் என்று வாழ்க்கையின் பெரிய முடிவுகளோடு மக்கள் உங்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையில் இன்று ஒரே ஒரு கருத்தை உங்களிடம் வைக்க விரும்புகிறேன். பொருளாதாரச் செய்தி நாட்டுக்கெல்லாம் ஒன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு நன்மை செய்யும் அதே செய்தி அடுத்த வீட்டுக்குக் கெடுதல் செய்யலாம். எந்த வீட்டுக்கு எது என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் உங்கள் வேலை.

வட்டியிலிருந்து தொடங்குகிறேன். 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆயிற்று. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருந்ததால், உயர்வு முழுவதும் கடன்காரர் தலையில் இறங்கியது. 7 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில், 50 லட்சம் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாதத் தவணை 38,765 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 39,583 ரூபாய். தவணையை ஏற்றாமல் அப்படியே விட்டால், அவர் மாதந்தோறும் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பார். கடனோ வளர்ந்துகொண்டே போகும்.

இப்படிப்பட்ட நிலையில் பலருக்குக் கடன் காலம் நீண்டுகொண்டே போனது. பலருக்கு அது தெரியவே இல்லை. தவணைத் தொகை மாறாததால் எல்லாம் பழையபடி இருப்பதாகவே நினைத்தார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, முன்கூட்டியே ஒரு பகுதியை அடைப்பதா என்று கடன்காரரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விதி வந்துவிட்டது. ஆனால் அந்த விதி தங்களுக்கு இருக்கிறது என்பது எத்தனை கடன்காரர்களுக்குத் தெரியும்? அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்.

2025-ல் காற்று திசை மாறியது. பிப்ரவரியில் தொடங்கிய குறைப்புகளால் டிசம்பருக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. ‘வீட்டுக் கடன் வட்டி குறைகிறது’ என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. யாருடைய கடன் குறைகிறது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். வங்கியில் ரெப்போவோடு இணைந்த கடனா? அப்படியானால் மூன்று மாதத்துக்குள் குறைய வேண்டும். வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்து வட்டி கணக்கிடும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையில் கிடக்கும் கடனா? மெதுவாகத்தான் குறையும்; மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் வாங்கியதா? வெளி அளவுகோல் விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. போய்ப் பேச வேண்டும்.

குறைந்த பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கிறது. 20 ஆண்டு பாக்கியுள்ள 50 லட்சம் கடனுக்கு வட்டி 9-லிருந்து 7.75 சதவீதத்துக்கு இறங்கினால், தவணை 44,986 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 41,050 ரூபாய்க்குக் குறையும். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் கடன் மூன்றரை ஆண்டு முன்னதாகவே முடிந்துவிடும். இரண்டில் எது நல்லது? நிலையான சம்பளமும் கையிருப்பும் உள்ள தம்பதிக்கு இரண்டாவது வழி. வயதான பெற்றோருக்கு மருத்துவச் செலவு பார்த்துக்கொண்டு, கையில் மூன்று மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லாத குடும்பத்துக்கு முதல் வழி. ரிசர்வ் வங்கி ஒரே அறிவிப்பைத்தான் வெளியிட்டது. அதற்கு நீங்கள் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில் சொல்லியாக வேண்டும்.

வீடு விற்பவர் கதையும் அதேதான். 2024 ஜூலை 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட், சொத்து விற்பனையில் நீண்டகால மூலதன ஆதாய வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. கூடவே, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் சலுகையை நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் ஆகஸ்டில் திருத்தம் வந்தது. ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக்குடும்பங்களும் இரண்டு முறையில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம் என்றானது.

வரி குறைந்ததா, கூடியதா என்று தொலைக்காட்சியில் விவாதித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். 2004-05-ல் ஒருவர் 10 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார். அந்த ஆண்டின் பணவீக்கக் குறியீடு 113. 2024-25-ல் அது 363. ஆக, உயர்த்திய விலை ஏறத்தாழ 32.1 லட்சம். அந்த வீடு 60 லட்சத்துக்கு விற்றால், பழைய முறையில் வரி சுமார் 5.6 லட்சம், புதிய முறையில் 6.25 லட்சம். இவருக்குப் பழையதே லாபம். அதே வீடு நல்ல சாலையோரம் இருந்து ஒரு கோடிக்கு விற்றால், பழைய முறையில் சுமார் 13.6 லட்சம், புதிய முறையில் 11.25 லட்சம். இவருக்குப் புதியது லாபம். செஸ் தனி. ஒரே ஆண்டு, ஒரே விலையில் வாங்கிய இரண்டு வீடுகளுக்கு எதிரெதிர் பதில் வருகிறது. கிரயப் பத்திரத்தில் இருக்கும் ஆண்டையும் தொகையையும் பார்க்காமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

வீடு வாங்க வருபவரிடமும் முதலில் காகிதத்தைக் கேளுங்கள். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), கட்டுமான நிறுவனம் வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. ரெரா பதிவு எண், பட்டா, வில்லங்கச் சான்று, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கான யு.டி.எஸ். எவ்வளவு, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு. இத்தனையும் பார்த்த பிறகே விலை உயருமா என்ற பேச்சு.

பங்குச் சந்தைக்கு வருவோம். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிய நாள். நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 6 சதவீதம் சரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் சரிவுக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிட்டது. இருபது ஆண்டு கழித்து எடுக்கப்போகும் பணத்தை அன்று மாலை விற்றவருக்கு நஷ்டம் அவர் கையாலேயே வந்தது. ஆனால் அடுத்த மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய பணம் அங்கே கிடந்திருந்தால், அது அங்கே இருந்ததே தவறு. எப்போது வேண்டிய பணம் என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை நிறுத்தியபோது முதலீட்டாளர்களின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது. பின்னர் அது படிப்படியாகத் திரும்பி வந்தது. இருந்தாலும் அந்த ஜூனில் மகள் திருமணம் வைத்திருந்த வீட்டுக்கு, பின்னால் வந்த பணம் எதற்கு உதவும்?

உங்கள் வயதுக்காரர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் பற்றி சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-ல் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் அதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்கிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இந்த வர்த்தகத்தில் ஈடுபடுவோரில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு 43 சதவீதமாக உயர்ந்தது. நாளை உங்கள் நண்பர்களே ‘ஒரு டிப்ஸ் சொல்லு’ என்று கேட்பார்கள். நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் தோற்கும் இடத்துக்கு வழி காட்டாதீர்கள். நட்பு கசந்தாலும் பரவாயில்லை.

செய்தி வருமானத்தையே அடிக்கும் ஊர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானபோது திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் கலங்கிப்போனார்கள். வருமானம் பனியன் கம்பெனியிலிருந்து, வீடு திருப்பூரில், வாடகைக்கு விட்ட மனையும் திருப்பூரில், முதலீடும் ஜவுளிப் பங்குகளில் என்றிருந்தால், ஒரு அறிவிப்பு நான்கையும் ஒரே நாளில் தொடுகிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு அவசர நிதி மற்றவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். முதலீடு வேறு தொழில்களில் பரவியிருக்க வேண்டும். இதை ஆர்டர்கள் நிரம்பி வழியும் காலத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி உங்களைப் பற்றியே ஒரு கண்டிப்பான வார்த்தை. உங்கள் கூலியை யார் தருகிறார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். செபியின் 2013 முதலீட்டு ஆலோசகர் விதிகளும் பின்னால் வந்த திருத்தங்களும், ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் சேர்த்து வாங்குவதைத் தடுக்கின்றன. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டிலும் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமும் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் 25 ஆண்டுகளுக்குப் போட்டால், 12 சதவீதத்தில் ஏறத்தாழ 1.9 கோடி சேரும். கமிஷன் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொண்டு 11 சதவீதமானால் 1.6 கோடி. அந்த ஒரு சதவீதத்தின் விலை 30 லட்சம். விநியோகஸ்தராகக் கமிஷன் வாங்குவது குற்றமில்லை. ஆண்டுதோறும் கணக்கைப் பார்த்து, சரிவில் பதறியவரைத் தடுத்து நிறுத்தி, அந்த 30 லட்சத்துக்கு ஈடான வேலையைச் செய்யுங்கள். அதை வாங்குகிறோம் என்பதை மறைப்பதுதான் குற்றம்.

1990-களில் தமிழ்நாட்டில் எத்தனையோ நிதி நிறுவனங்கள் வைப்பாளர்களின் பணத்தோடு மூடின. அதன் விளைவாக 1997-ல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தை நம் மாநிலம் கொண்டு வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும், மாதத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தருவதாகச் சொன்ன நிறுவனங்களில் மக்கள் பணம் கட்டி, பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்தில் மனுவோடு நின்றார்கள். அந்த வீடுகளில் பலவற்றுக்கு, கணக்குத் தெரிந்து பொய் சொல்லாத ஒருவரின் பேச்சு வந்து சேரவே இல்லை.

மாணவச் செல்வங்களே, பொருளாதாரச் செய்தியை முதலில் சொல்வது உங்களால் முடியாத காரியம். அதற்குக் கைப்பேசி இருக்கிறது. உங்களால் மட்டும் முடிவது ஒன்று உண்டு. செய்தி வந்த அன்றே ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடன் கணக்கையும் கிரயப் பத்திரத்தையும் பாலிசியையும் எடுத்துவைத்து, இது இவர்கள் வீட்டில் எந்தத் தாளை மாற்றுகிறது என்று பாருங்கள். மாற்றினால் அவர்களே கேட்பதற்கு முன் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாற்றவில்லை என்றால், ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, பழையபடியே போங்கள்’ என்று சொல்லவும் தைரியம் வேண்டும். அதில் கமிஷன் கிடைக்காது. நம்பிக்கை கிடைக்கும். இந்தத் தொழில் நடப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

உங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் கணக்கைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களுக்கும் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கடனை, உங்களை நம்பி வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேர்மையாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துத் தீர்த்துவையுங்கள்.