"எங்க வீட்ல யாரும் காய் சாப்பிட மாட்டாங்க!"

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் திருப்பம், தணிக்கை, பதிவேடு பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்படியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதைப் போயி எங்களுக்கு நீ சொல்லித் தரணுமா?" என்று சிலர் சிரிக்கிறது தெரியுது. சமையல் நான் சொல்லித் தரப் போவதில்லை. நீங்க கஷ்டப்பட்டு வாங்கி, ஆய்ந்து, சமைத்த காய் கடைசியில் கோழிக்கும் மாட்டுக்கும் போகுதே, அதைப் பற்றித்தான் பேச்சு.

ஏன் இந்தப் பேச்சு இப்போ? 2019-21 வருடங்களில் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 57. இந்த வரிசையில் இருபது பேர் இருக்கீங்க. கணக்குப்படி பத்து, பதினோரு பேர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது, நூறு நாள் வேலைக்குப் போனா தலை சுத்துது, சாயங்காலம் ஆனா கால் கடுக்குது என்று சொல்றோமே, அது எல்லாமே வயசு இல்லீங்க. இரத்தசோகைக்குக் காய் சாப்பிடாதது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. குடற்புழு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனா தட்டில் என்ன விழுகிறது என்பது பெரிய காரணம்.

குழுக் கூட்டங்களில் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். "எங்க வீட்ல யாரும் காய் சாப்பிட மாட்டாங்கம்மா." இந்த 'யாரும்' யாருன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். பிள்ளை ஒரு காரணத்துக்காக ஒதுக்கும், வீட்டுக்காரர் வேறு காரணத்துக்காக ஒதுக்குவார், பல்லில்லாத மாமியாருக்கு அது வேறு கஷ்டம். எல்லோருக்கும் ஒரே மருந்து செல்லாது.

பிள்ளைகளை எடுத்துக்குவோம். சின்னப் பிள்ளைகளின் நாக்குக்குக் கசப்பு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். நமக்குச் சாதாரணமா இருக்கிற கீரையே அதுக்குக் கசக்கும். அது அடம் இல்லை. புது ருசி பழகுறதுக்கு நேரம் ஆகும். ஒரு காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள பத்துத் தடவை, சில நேரம் பதினைந்து தடவைகூட அது தட்டில் வர வேண்டியிருக்கும். நாம என்ன பண்றோம்? மூணு தடவை வைக்கிறோம், துப்பினால் "இவனுக்குப் பீட்ரூட் ஆகாது" என்று முத்திரை குத்திடறோம். அதையும் அவன் முன்னாடியே பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்றோம். அவனும் கேட்டுக்கிட்டே இருந்து, "ஆமா, எனக்குப் பிடிக்காது" என்று முடிவு பண்ணிக்கிறான்.

நிறைய வைக்காதீங்க. ஒரு புளியங்கொட்டை அளவு வைங்க. சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, ஒன்றும் சொல்லாதீங்க. ரெண்டு நாள் கழித்து மறுபடியும் அதே அளவு. வாயைப் பிடித்து ஊட்டுவதும், "பூச்சாண்டி வருவான்" என்பதும் வேண்டாம். "இந்தப் பொரியலைச் சாப்பிட்டா சாக்லேட்" என்பதும் வேண்டாம். அப்படிச் சொன்னா பொரியல் தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொன்று, பசி. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே கையில் ஒரு பாக்கெட், வீட்டுக்கு வந்ததும் டீயில் பிஸ்கட். ஏழரை மணிக்குச் சோறு போட்டா அவன் எதைச் சாப்பிடுவான்? ஐந்து ரூபாய் பாக்கெட் ஒரு நாளைக்கு இரண்டு, பிள்ளைகள் இரண்டு பேர். மாதம் 600 ரூபாய். நம்ம குழுவில் மாதம் 100 ரூபாய் சேமிப்புக் கட்ட எத்தனை பேர் வாய்தா கேட்கிறோம்! அந்த நேரத்துக்கு ஒரு கொய்யாப்பழம், ஒரு வாழைப்பழம், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை எது இருந்தாலும் போதும். வாரத்தில் ஒரு நாள் பாக்கெட் வாங்கிக் கொடுத்தா குடி முழுகிப் போகாது. தினமும் என்பதுதான் பிரச்சினை.

பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துக் கீரை ஆயச் சொல்லுங்க, அவரை உரிக்கச் சொல்லுங்க. பையனையும் சேர்த்துத்தான் சொல்றேன், பெண் பிள்ளையை மட்டும் இல்லை. தான் ஆய்ந்த கீரையைத் தின்று பார்க்கிற ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகு பருப்புச் சோற்றோடு வேகவைத்த பரங்கி, கேரட், கீரை மசித்துக் கொடுக்கத் தொடங்கிடுங்க. மிளகாய் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி தனியா எடுத்து வைத்தால் போதும், தனிச் சமையல் வேண்டாம். ஒரு வயதுக்குள் பழகின ருசி பின்னால் பெரிய உதவி.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய பிறகு, நம்ம குழுப் பெண்கள் பல ஊர்களில் பள்ளிக்கூடத்தில் சமைக்கப் போனாங்க. அதில் ஒருத்தர் சொன்னது: "வீட்ல காயைப் பொறுக்கி வைக்கிற என் மவன், பள்ளிக்கூடத்துல சாம்பார் காயை அப்படியே சாப்பிடுறான்." பக்கத்தில் இருக்கிற பிள்ளை சாப்பிடுது, அதைப் பார்த்து இவனும் சாப்பிடுறான். அப்போ வீட்டில் யாரைப் பார்த்து ஒதுக்குகிறான்?

இப்போ அந்தப் பெரிய ஆளுக்கு வருவோம். சிரிக்காதீங்க! வீட்டுக்காரர் தட்டில் பொரியலை ஓரமா ஒதுக்கினால், பிள்ளை அதைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். "ஆம்பளைக்கு என்னடி இலை தழை?" என்று கேட்கிறவர்கள் இருக்காங்க. அவருக்கு வேண்டியது காரசாரமான குழம்பு. சரி, அந்தக் குழம்புக்குள்ளேயே வழி இருக்கு. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயும் மொச்சையும் போடுறது நம்ம பாட்டி காலத்துப் பழக்கம்தானே? கருவாடு ரெண்டு துண்டு, காய் அரைக் கிலோ. ஆட்டுக்கறி எடுக்கிற அன்றைக்கு முருங்கைக்காய், முள்ளங்கி, வாழைக்காய் எது சேர்த்தாலும் குழம்பு கூடும், கறிச் செலவும் குறையும். முருங்கைக்கீரையை வதக்கி அதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், 'முட்டைப் பொரியல்' என்று சாப்பிடுகிற ஆம்பளைகளை நான் பார்த்திருக்கேன். சுரைக்காயைத் துருவி அடை மாவில், வாழைப்பூவை வடையில், பீர்க்கங்காய்த் தோலைத் துவையலில். தோலைக் குப்பையில் போடுறவங்க இன்னும் இருக்கீங்களா?

மறைத்து வைத்துக் கொடுப்பது தொடங்குவதற்கு நல்லது. ஆனா எப்போதும் மறைத்தே கொடுத்தால் பிள்ளைக்குக் காய் முகமே தெரியாது என்பது என் கருத்து. அடையில் பாதி கலந்துவிட்டு, அதே காயை ஒரு கரண்டி பொரியலாகவும் தட்டில் வைங்க.

ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். காய் வைத்ததற்காகத் தட்டை வீசி எறிகிற வீடும், கை நீட்டுகிற வீடும் நம்ம குழுக்களிலேயே உண்டு. அந்த வீட்டில் பிரச்சினை காயில் இல்லை. அங்கே சமையலை மாற்றிப் பார்த்துப் பயன் இல்லை. "நான்தான் சரியா சமைக்கல போல" என்று நீங்களா நினைச்சுக்காதீங்க. குழுவில் சொல்லுங்க, ஊக்குநரிடம் தனியாகவாவது சொல்லுங்க. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் காசு இல்லை, எந்த நேரமும் பேசலாம்.

மாமியார், மாமனார் பற்றிச் சுருக்கமா சொல்றேன். அவர்கள் ஒதுக்குவது மெல்ல முடியாமல்தான். கீரைக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு, நன்றாகக் கனிந்த பப்பாளி. அவ்வளவுதான்.

எவ்வளவு சாப்பிடணும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்லியிருக்கு. நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். நாம அரைக் கிலோ பீன்ஸை ரெண்டு நாள் ஓட்டுறோம்! உடனே அவ்வளவு வாங்க யாராலும் முடியாது. இப்போ ஒரு வேளை காய் இருக்கிற வீட்டில் ரெண்டு வேளை ஆக்கினால், அதுவே நல்ல தொடக்கம்.

விலை என்று வரும்போது பழத்தைச் சொல்லியாகணும். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனா ஆப்பிள் வாங்குறோம். வைட்டமின் சி கணக்குப் பார்த்தா ஆப்பிளில் மிகக் குறைவு. ஆரஞ்சை விடக் கொய்யாவில் நாலைந்து மடங்கு அதிகம். பழனிப் பக்கம் ஆயக்குடிக் கொய்யாவை ரோட்டோரம் கூடையில் வைத்து விற்கிறாங்க, அதைத் தாண்டிப் போய்ப் பளபளக்கிற ஆப்பிளை வாங்குறோம். பெரிய நெல்லிக்காய் கொய்யாவோடு போட்டி போடும். காயிலும் அப்படித்தான். சந்தையில் விலை ஏறுவது காலிபிளவரும் கேரட்டும். வரப்போரத்தில் கிடக்கிற பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளிக்கு விலை இல்லை. ஆனா மருந்தடித்த வயலில் பறிக்காதீங்க.

சமைப்பதில் ரெண்டே விஷயம். காயைக் கழுவிவிட்டு நறுக்குங்க, நறுக்கிவிட்டுத் தண்ணீரில் ஊறப் போடாதீங்க. கொஞ்சமா தண்ணீர் விட்டு, மூடி போட்டு வேகவைங்க, வெந்த தண்ணீரைக் கொட்டாதீங்க. முட்டைக்கோஸைக் குழைய வேகவிட்டால் ஒரு நாற்றம் வரும், அதுக்காகவே பாதிப் பிள்ளைகள் ஓடுதுங்க. கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் வேணும், அப்போதான் அதில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் ஒட்டும். கீரையிலுள்ள இரும்புச் சத்து சேரணும்னா சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, டீ அந்தச் சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், "கீரைதான் சாப்பிடுறேனே" என்று அதை நிறுத்திடாதீங்க. ரெண்டும் வேணும்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் கேட்டேன், "நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்க?" என்று. அவரைக்காய்ப் பொரியல், தக்காளிக் குழம்பு, முருங்கைக்கீரை என்று ஆளுக்கு ஒன்று சொன்னாங்க. "சரி, நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரசஞ்சோறு, ஊறுகாய், மோர் ஊற்றிய சோறு. பன்னிரண்டு பேரில் தான் சமைத்த காயைத் தான் சாப்பிட்டவர் மூணு பேர். மிச்சப் பேர் வீட்டில் காய் மிச்சம் இல்லாமலும் இல்லை. "காலையில பிள்ளைக்கு டப்பாவுல வைக்கலாம்னு எடுத்து வச்சேன்" என்றார் ஒரு அக்கா. அவருக்கு ஹீமோகுளோபின் எட்டு.

வீட்டில் எல்லோரையும் காய் சாப்பிட வைக்க ஆயிரம் யோசனை பண்றோம், அந்தக் கணக்கில் நம்ம பெயரே இல்லை. பரிமாறுவதற்கு முன்னாலேயே, வாணலியிலிருந்து உங்க பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைங்க. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கர்ப்பமா இருக்கிற மருமகளும், பெரிய மனுஷியான மகளும் உங்க வீட்டில் இருந்தா அவங்களுக்கும் எடுத்து வைக்க வேண்டியது நீங்கதான். முடிந்த வீட்டில் எல்லோரும் ஒன்றா உட்கார்ந்து சாப்பிடுங்க. அந்தக் குழுவில் இதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. இப்போ கூட்டம் தொடங்கினதும் வருகைப் பதிவோடு "நேத்து நீ என்ன சாப்பிட்ட?" என்ற கேள்வியும் உண்டு. பொய் சொன்னா பக்கத்து வீட்டுக்காரி காட்டிக் கொடுத்துடுவா!

கடைசியா தோட்டம். பாத்திரம் கழுவுற தண்ணீர் போகிற இடத்தில் வாழையோ, தண்டுக்கீரையோ வைக்கலாம். பப்பாளியை அங்கே வைக்காதீங்க, தண்ணீர் தேங்கினால் அது அழுகிப் போகும், கொஞ்சம் மேடா பார்த்து வைங்க. முருங்கைக்கு ஒரு போத்து போதும். விதை போடுறதுன்னா பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.-1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும், கீரை அதற்கு முன்னாடியே பறிக்கலாம். வாசலில் முருங்கை கூடாது என்பாங்க. அதில் ஒரு நியாயம் இருக்கு. மழைக் காலத்தில் கம்பளிப்பூச்சி வரும், கிளையும் சட்டென்று ஒடியும், பிள்ளை ஏறினா ஆபத்து. கொல்லையில் வைங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் முளைக்கிற ஏதாவது ஒரு விதையைக் காகிதத்தில் மடித்து, மேலே பெயர் எழுதி எடுத்துட்டு வாங்க. அவரை, பீர்க்கு, சுரை, புடலை, பூசணி எதுவானாலும் சரி, கடையில் வாங்கினது வேண்டாம். டீ இடைவேளையில் மாற்றிக்கொள்வோம். கூட்டமைப்புச் செயலாளர் அக்கா பதிவேட்டில் எழுதிக்குவாங்க.