சண்டையை நிறுத்திய கடிதங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவிலே அணுகுண்டைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் ஒன்றையொன்று மிரட்டுகிற செய்தி வந்தால், பிள்ளைகள் வகுப்பிலே கேட்கிற முதல் கேள்வி, "சார், யார் ஜெயிப்பாங்க?" என்பதுதான். பந்து விளையாட்டைப் பற்றிக் கேட்பது போலக் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கடையிலே பெரியவங்க பேசுவதும் அப்படித்தானே! ஆகவே நடந்த ஒரு சம்பவத்தையே சொல்லுகிறேன்.

1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கியூபா என்ற தீவு அமெரிக்கக் கரைக்கு 90 மைல் தூரத்திலே இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுதான் அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய ஒரு படை அங்கே இறங்கித் தோற்றது. மறுபடியும் வருவார்களோ என்ற பயம் காஸ்ட்ரோவுக்கு. சோவியத் நாட்டின் தலைவர் குருசேவ் இரகசியமாக அங்கே அணு ஏவுகணைகளைக் கொண்டுபோய் வைத்தார். அமெரிக்காவும் சோவியத்துக்கு அண்டை நாடான துருக்கியிலே ஏவுகணை வைத்திருந்தது. இந்த இரண்டாவது செய்தியைக் கதை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அக்டோபர் 14-ஆம் தேதி உளவு விமானம் படம் பிடித்தது. 16-ஆம் தேதி அதிபர் கென்னடிக்குத் தெரிந்தது. உடனே குண்டு போடுவோம், பிறகு படையை இறக்குவோம் என்றார்கள் தளபதிகள். கென்னடி இணங்கவில்லை. கப்பல்களை நிறுத்திக் கடலை மறித்தார். தளபதிகளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இறங்குகிற படையை அடிப்பதற்கென்றே சிறிய அணு ஆயுதங்கள் அதற்குள் கியூபாவுக்கு வந்துவிட்டன. இது 30 வருசம் கழித்து, 1992-இலேதான் வெளியே வந்தது. அன்றைக்குப் படை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், எண்ணிப் பாருங்கள்!

இந்த இடத்திலே எங்கள் ஆசிரியர் இனத்துக்கு ஒரு பெருமை உண்டு. அப்போது ஐக்கிய நாட்டுச் சபையின் தற்காலிகச் செயலாளர் ஊ தாண்ட். பர்மாவிலே பந்தனாவ் என்ற சிற்றூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அவர் இரண்டு தலைவர்களுக்கும் எழுதினார். உங்கள் கப்பல்கள் மறித்த இடத்துக்குப் போக வேண்டாம் என்று ஒருவருக்கு. நேருக்கு நேர் மோத வேண்டாம் என்று மற்றவருக்கு. இருவரும் சம்மதித்தார்கள். படையும் இல்லை, பணமும் இல்லை, வெறும் கடிதம்தான்.

26-ஆம் தேதி குருசேவ் கென்னடிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். போர் என்பது கயிற்றில் போட்ட முடிச்சு, இரண்டு பேரும் இரண்டு முனையையும் இழுத்தால் இறுகிப் போகும், அப்புறம் அவிழ்க்கவே முடியாது என்பது அதிலே வந்த கருத்து. அந்தக் கடிதம் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனது. வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் தோப்ரினின் பின்னாளில் எழுதியிருக்கிறார்: மாஸ்கோவுக்கு அனுப்பும் தந்தியைச் சைக்கிளில் வருகிற ஒரு பையன்தான் வாங்கிப் போவானாம். உலகத்தின் உயிர் ஒரு சைக்கிளின் மேலே!

27-ஆம் தேதி சனிக்கிழமைதான் மிக மோசமான நாள். கியூபாவின் மேலே பறந்த அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி இறந்தார். அதே நாள் கடலுக்கு அடியிலே ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பல். மேலே வரச் சொல்லி அமெரிக்கர்கள் சிறு வெடிகளைப் போட்டார்கள். கப்பலுக்குள்ளே அணுகுண்டு பொருத்திய ஆயுதம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. கொதித்துப் போன கப்பல் தலைவரை ஆர்க்கிப்போவ் என்ற அதிகாரி சமாதானப்படுத்தினார் என்று உடனிருந்தவர் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார்.

அன்று இரவு கென்னடியின் தம்பி இராபர்ட், தோப்ரினினைத் தனியே சந்தித்தார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம். துருக்கியில் உள்ள ஏவுகணைகளையும் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், ஆனால் இந்த இரண்டாவதை வெளியிலே சொல்லக் கூடாது என்றார். மறுநாள் ஞாயிறு, ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது. 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலும் அவை அகற்றப்பட்டன.

"கப்பலை நிறுத்தி மிரட்டினதாலேதானே பணிஞ்சான்?" என்று கேட்பவர்கள் உண்டு. கப்பலுக்குப் பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல்கள் மறித்து நின்ற நாட்களிலும் கியூபாவில் ஏவுகணை வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. கொடுத்து வாங்கின பிறகுதான் நின்றது. நம்ம தோட்டத்துச் சம்பளப் பேச்சை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எதிரே உட்கார்ந்தவர் முகத்திலே கரி பூசினால் கையெழுத்துக் கிடைக்காது. துருக்கி விசயத்தை 25 ஆண்டுகளுக்கு மேல் மூடி வைத்ததுதான் என் மனத்தாங்கல். உருட்டி மிரட்டினால் போதும் என்ற பாதிக் கதையை ஒரு தலைமுறையே படித்துவிட்டது.

இந்தப் பேச்சுவார்த்தையிலும் ஒரு குறை உண்டு. கியூபாவை யாருமே கேட்கவில்லை. காஸ்ட்ரோ கடுங்கோபம் கொண்டார். அவரிடம் பேச ஊ தாண்ட் நேரே ஹவானாவுக்குப் போக வேண்டியதாயிற்று.

1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு வைக்க ஒப்பந்தம் ஆனது. சினிமாவிலே காட்டுகிற சிவப்பு டெலிபோன் அல்ல. எழுத்தை அச்சடிக்கிற தந்தி இயந்திரம். வாய்ப்பேச்சிலே அவசரமும் கோபமும் கலந்துவிடும், எழுத்தை ஆற அமரப் படிக்கலாம் என்று அப்படி வைத்தார்கள். ஆகஸ்ட் 5-ஆம் தேதி, வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று மாஸ்கோவில் கையெழுத்தானது. பத்து மாதத்துக்கு முன் அடித்துக்கொள்ள நின்றவர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

பரிசு வாங்கப் பிள்ளைகள் வரிசையிலே நிற்கிறார்கள். அவர்களை இனியும் காக்க வைக்காமல் விடைபெறுகிறேன். வணக்கம்.